முதல் மிதியில் பெடல் இறங்கினால் ஹப்பைப் பாருங்கள்

ட்ராக்கில் ஓட்டிவிட்டு வந்து "பிரேக் போயிடுச்சு" என்று ஒருவர் சொன்னால், அதற்கு மூன்று வேறு வேறு கோளாறுகள் காரணமாக இருக்கலாம். பெரும்பாலான ஒர்க்‌ஷாப்களில் மூன்றுக்கும் ஒரே வைத்தியம்தான் நடக்கிறது: பேடை மாற்று, ஆயிலை மாற்று, ஏர் எடு. முதல் இரண்டு கோளாறுகளுக்கு அது சரி. மூன்றாவதற்கு எத்தனை செட் பேட் வாங்கிப் போட்டாலும் பயனில்லை, ஏனென்றால் கோளாறு பிரேக்கில் இல்லை, சக்கரமும் டிஸ்க்கும் மாட்டியிருக்கும், பேரிங்கில் சுழலும் ஹப்பில் இருக்கிறது.

பிரித்தறிவது கடினமில்லை, ஓட்டியவரிடம் சரியாகக் கேட்டாலே போதும். பெடல் கெட்டியாக மேலேயே நிற்கிறது, எவ்வளவு அழுத்தினாலும் கார் நிற்கவில்லை என்றால் பேட் தன் வெப்ப எல்லையைத் தாண்டிவிட்டது. பெடல் பஞ்சு மாதிரி அமுங்குகிறது, சுற்றுக்குச் சுற்று மோசமாகிறது, வண்டி நன்றாக ஆறிய பிறகு ஓரளவு திரும்புகிறது என்றால் பிரேக் ஆயில் கொதித்து ஆவியாகியிருக்கிறது. வேகமான வளைவு முடிந்து அடுத்த பிரேக்கிங்கில் முதல் மிதி ஆழமாக இறங்குகிறது, உடனே இன்னொரு முறை மிதித்தால் பெடல் பழைய உயரத்தில் கெட்டியாக நிற்கிறது என்றால் அது நாக்பேக். வளைவில் டிஸ்க் சாய்ந்து பேடையும் அதை அழுத்தும் பிஸ்டனையும் உள்ளே தள்ளிவிடுகிறது. அந்த இடைவெளியை நிரப்பத்தான் முதல் மிதி செலவாகிறது.

இந்தப் பதிவு மூன்றாவதைப் பற்றியது. மாருதி ஸ்விஃப்ட் அளவுள்ள, ஆயிரம் கிலோவை ஒட்டிய முன்சக்கர இயக்க ஹேட்ச்பேக்கை மனதில் வைத்து எழுதியது. நக்கிளில் (சஸ்பென்ஷனோடு இணைந்து ஹப்பைத் தாங்கும் பகுதியில்) பிரஸ் செய்து ஏற்றும் இரட்டை வரிசை பால் (உருண்டை) பேரிங், அதை நகராமல் பிடிக்கும் சர்கிளிப் வளையம், அதற்குள் ஹப். சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டையிலும் கோவை செட்டிபாளையம் கரி ஸ்பீட்வேயிலும் ட்ராக் டேக்கு வரும் கார்களில் இந்த அமைப்பு நிறையவே இருக்கிறது.

ஹப்புக்கு ட்ராக்கில் என்ன நேர்கிறது

வளைவில் வெளிப்பக்க முன்சக்கரத்தின் மேல் சுமார் 400 கிலோ எடை இருக்கிறது என்று வையுங்கள். நல்ல டயர் அந்த எடைக்கு ஏறத்தாழ 4,000 நியூட்டன் பக்கவாட்டு விசையைத் தரும். அந்த விசை செயல்படும் இடம் தரை. ஹப்பின் மையத்திலிருந்து 0.3 மீட்டர் கீழே. ஆக ஹப்பைச் சாய்க்கும் திருப்புவிசை 1,200 நியூட்டன் மீட்டர். சாலையில் இந்த அளவு எப்போதோ ஒரு கணம் வரும். ட்ராக்கில் ஒவ்வொரு வளைவிலும் பல விநாடிகள் நிற்கும். ட்ராக்கின் ஓரத் திட்டான கெர்ப் மேல் ஏறி இறங்கும் அடி தனிக்கணக்கு.

இதோடு வெப்பம் சேர்கிறது. ஓட்டுநரோடு 1,050 கிலோ எடையுள்ள கார் 140 கி.மீ. வேகத்திலிருந்து 60-க்கு இறங்கினால் சுமார் 650 கிலோஜூல் ஆற்றல் வெப்பமாக மாறும். அதில் முக்கால் பங்கு முன்பிரேக்குக்கு. ஒரு முன் டிஸ்க் 5 கிலோ என்றால் அந்த ஒரே பிரேக்கிங்கில் அதன் வெப்பம் சுமார் 100 டிகிரி கூடுகிறது. அடுத்த வளைவுக்குள் அது முழுதும் ஆறுவதில்லை. கரி ஸ்பீட்வே சுமார் 2.1 கி.மீ. நீளம்தான், இருங்காட்டுக்கோட்டை 3.7 கி.மீ. சிறிய ட்ராக்கில் வேகம் குறைவு, அதனால் பிரேக்குக்கு வேலை குறைவு என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். அடுத்தடுத்து வளைவுகள் வருவதால் காற்று வாங்கி ஆற நேரமே கிடைப்பதில்லை.

டிஸ்க்கின் வெப்பம் அதன் நடுவே உள்ள தொப்பிப் பகுதி வழியாக, டிஸ்க் உட்காரும் தட்டான ஹப் ஃபிளாஞ்சுக்கும், அங்கிருந்து பேரிங்கின் உள்வளையத்துக்கும் போகிறது. சாதாரண லித்தியம் கிரீஸ் உருகும் புள்ளி 180 முதல் 190 டிகிரி. ஆனால் தொடர்ந்து தாங்கும் அளவு 120 டிகிரியை ஒட்டித்தான். ரப்பர் சீலின் கதையும் ஏறத்தாழ அதே. செஷன் முடிந்து கார் பிட்டில் நிற்கும்போதுதான் பேரிங் அதிகமாகச் சூடாகிறது. ஓடும்போது கிடைத்த காற்று நின்றுவிடுகிறது, டிஸ்க்கில் தேங்கிய வெப்பம் ஹப்புக்குள் இறங்குகிறது. கிரீஸ் இளகி சீல் ஓரமாகக் கசியும். நக்கிளின் உள்பக்கத்தில் பழுப்பு நிற எண்ணெய்த் தடம் தெரிந்தால் பேரிங்கின் ஆயுள் எண்ணப்படுகிறது என்று பொருள்.

பேரிங்கில் ஆட்டம் வந்ததும் பெடலில் என்ன தெரியும் என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். பேட் உரசும் வட்டத்தில் டிஸ்க் கால் மில்லிமீட்டர் சாய்ந்து பிஸ்டனைத் தள்ளுகிறது என்று கொள்வோம். பிஸ்டன் விட்டம் 51 மி.மீ. என்றால் திரும்பிப் போகும் ஆயில் அரை சி.சி. இரண்டு பக்கமும் சேர்த்து ஒரு சி.சி. பெடல் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரின் விட்டம் 20.6 மி.மீ. என்றால் அதை ஈடுகட்ட மூன்று மி.மீ. தள்ள வேண்டும். பெடல் விகிதம் நாலுக்கு ஒன்று என்றால் காலுக்குத் தெரிவது 12 மி.மீ. கூடுதல் இறக்கம். ஹப்பில் கண்ணுக்குத் தெரியாத கால் மில்லிமீட்டர்தான், பிரேக்கிங் புள்ளியில் வயிற்றைக் கலக்குகிறது.

ஒரு பக்கம் மட்டும் பிஸ்டன் உள்ள மிதக்கும் காலிப்பரில் (பேடையும் பிஸ்டனையும் தாங்கும் உடல்) இது ஓரளவு மறைந்திருக்கும். டிஸ்க் சாயும்போது காலிப்பர் உடலும் ஸ்லைடு பின்களில் நகர்ந்து கொடுக்கும். பின்கள் இறுகியிருந்தால் அந்தத் தயவு கிடையாது, முழுச் சாய்வும் பிஸ்டனுக்குப் போகும். நான்கு பிஸ்டன் கொண்ட நிலையான காலிப்பர் கிட் மாட்டியதும் "கிட் சரியில்லை, பெடல் இறங்குது" என்று புகார் வருவதன் காரணம் பெரும்பாலும் இதுதான். பழைய காலிப்பர் மறைத்துவைத்திருந்த ஹப் ஆட்டத்தைப் புதியது வெளியே காட்டிக்கொடுக்கிறது. கிட்டுக்குப் பணம் செலவழிக்கும் முன் ஹப்பை அளப்பது மலிவு.

கழற்றும் முன் அளவு

முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வேலை செய்ய வேண்டாம். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் இன்னொருவரைப் பிரேக் மிதித்துப் பிடிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். மிதித்ததும் ஆட்டம் மறைந்தால் ஹப் பேரிங். மிதித்தும் இருந்தால் பால் ஜாயின்ட் அல்லது ஸ்ட்ரட். இடம் வலமாகப் பிடித்தால் மட்டும் ஆடுகிறது என்றால் டை ராடு எண்ட் பக்கம் போங்கள். பிறகு ஒரு கையால் காயில் ஸ்பிரிங்கைத் தொட்டுக்கொண்டு மறுகையால் சக்கரத்தைச் சுற்றுங்கள். காதுக்கு எட்டாத கரகரப்பு ஸ்பிரிங்கில் தெளிவாகத் தெரியும்.

சாலையில் சோதிப்பதென்றால், இடது பக்கம் திருப்பும்போது ஊளைச் சத்தம் கூடினால் வலது பேரிங்கைச் சந்தேகியுங்கள், வலது திருப்பத்தில் கூடினால் இடது. கடிகாரச் சுற்றில் ஓடும் ட்ராக்கில் வலது வளைவுகள் அதிகம், ஆகவே இடது முன் ஹப்தான் முதலில் தேயும்.

கையால் தெரியும் ஆட்டம் ஏற்கெனவே மிகை. நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் டயல் கேஜ் வைக்காமல் "பேரிங் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்வதில் அர்த்தமில்லை. சக்கரத்தையும் டிஸ்க்கையும் கழற்றி, கேஜின் காந்த அடியை நக்கிளில் உட்கார வைத்து, முள்ளை ஹப் ஃபிளாஞ்சின் முகத்தில் வைத்து, ஹப்பை உள்ளும் வெளியும் இழுத்துத் தள்ளுங்கள். 0.05 மி.மீ. பொதுவான மேல் எல்லை. ட்ராக் காரில் அந்த எல்லையை எட்டும் வரை காத்திருக்காமல், முந்தைய அளவைவிட இரட்டிப்பானாலே மாற்றுவது நல்லது. அதே நிலையில் ஹப்பைச் சுற்றி ஃபிளாஞ்சின் முகம் எவ்வளவு தள்ளாடுகிறது என்றும் பாருங்கள்: 0.03-க்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் பேரிங் புதிதாக இருந்தாலும் ஹப் வளைந்திருக்கிறது.

பிறகு டிஸ்க்கை மாட்டி, எல்லா வீல் நட்டையும் வாஷர் வைத்து டார்க்கில் இறுக்கி, வெளி விளிம்பிலிருந்து 10 மி.மீ. உள்ளே அளவெடுங்கள். 0.05-க்கு மேல் தள்ளாடினால் டிஸ்க்கை ஒரு ஸ்டட் (வீல் நட் ஏறும் போல்ட்) தள்ளி மாட்டி மறுபடி பாருங்கள். அதிகம் தள்ளாடும் இடம் டிஸ்க்கோடு சேர்ந்து நகர்ந்தால் டிஸ்க், நகராமல் இருந்தால் ஹப். இந்த ஒரு சோதனை தேவையற்ற டிஸ்க் செலவுகள் பலவற்றைத் தடுக்கும். "டிஸ்க் பெண்டு ஆயிடுச்சு" என்று லேத்துக்குப் போகும் டிஸ்க்குகளில் நிறைய, ஃபிளாஞ்சில் ஒட்டிய துருப்பொடியால் ஆடியவைதான். ஃபிளாஞ்சின் ஓரத்தில் 0.05 மி.மீ. துரு இருந்தால் டிஸ்க்கின் ஓரத்தில் அது இரட்டிப்பாகிவிடும்.

ஸ்டீயரிங் அதிர்வுக்கு இன்னொரு காரணம் டிஸ்க்கின் தடிமன் இடத்துக்கு இடம் மாறுவது. மைக்ரோமீட்டரால் எட்டு இடத்தில் அளந்து பாருங்கள். 0.015 மி.மீ. வித்தியாசமே காலுக்குத் தெரியும். செஷன் முடிந்ததும் சூடான பேடை டிஸ்க்கில் அழுத்தியபடி நின்றால் அந்த இடத்தில் பேட் பூச்சு ஒட்டிக்கொண்டு இது வருகிறது.

பேரிங் மாற்றும் வேலை

தேவைப்படும் கருவிகள்: ஆக்ஸில் நட்டுக்கான சாக்கெட் (பெரும்பாலும் 30 அல்லது 32 மி.மீ.), 300 நியூட்டன் மீட்டர் வரை அளக்கும் டார்க் ரெஞ்ச், பால் ஜாயின்ட் புல்லர், சர்கிளிப் பிளையர், 20 டன் ஹைட்ராலிக் பிரஸ், அளவான வளையங்கள். சுத்தியலால் அடித்து ஏற்றும் முறையைச் சாலைக் காரிலேயே தவிர்க்க வேண்டும், ட்ராக் காருக்கு அந்தப் பேச்சே வேண்டாம்.

கார் சக்கரத்தில் நிற்கும்போதே ஆக்ஸில் நட்டின் மடக்கை நிமிர்த்தித் தளர்த்துங்கள், முழுதும் கழற்ற வேண்டாம். தளர்த்திய பிறகு காரை அந்தச் சக்கரத்தில் உருட்டக் கூடாது. நட் தரும் பிடி இல்லாமல் எடை ஏறினால் பேரிங் கெடும். இன்னொரு பக்க பேரிங்கை மாற்றப் போவதில்லை என்றால் அந்தப் பக்க நட்டைத் தொடாதீர்கள். பிறகு காலிப்பரைக் கழற்றி கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டித் தொங்கவிடுங்கள், ஹோஸில் எடை ஏறக் கூடாது. ஏபிஎஸ் சென்சாரை முதலிலேயே எடுத்துவிடுங்கள். ஸ்ட்ரட் போல்ட்டுகளின் இடத்தைக் கழற்றும் முன் கோடு போட்டுக் குறித்தால் கேம்பர் (சக்கரம் செங்குத்திலிருந்து சாய்ந்திருக்கும் அளவு) அதிகம் மாறாது.

ஹப்பை பிரஸ்ஸில் தள்ளி எடுக்கும்போது பேரிங்கின் வெளிப்பக்க உள்வளையம் ஹப்போடு வந்துவிடும். அதை கிரைண்டரால் வெட்டி எடுப்பது வழக்கம். வளையத்தின் தடிமனில் முக்கால் பங்கு வெட்டி, உளியால் ஒரு தட்டு தட்டினால் பிளந்துவிடும். கிரைண்டர் டிஸ்க் ஹப்பின் மேல் ஒரு கீறல் போட்டால்கூட அந்த ஹப்பை ட்ராக்குக்கு ஒதுக்குங்கள். தண்டும் ஃபிளாஞ்சும் சேரும் வளைவில்தான் விரிசல் பிறக்கும். கீறல் அதற்கு விதை. அந்த வளைவை டை பெனட்ரன்ட் (விரிசலில் ஊறிக் காட்டும் சாயம்) அடித்துப் பார்ப்பதற்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது. சிவப்புக் கோடு தெரிந்தால் ஹப் குப்பைக்கு. சக்கரம் ஹப்போடு சேர்ந்து பிய்ந்து போன கார்கள் உண்டு, அதற்கு முன் பெரிய எச்சரிக்கை எதுவும் வராது.

நக்கிளின் துளையைத் துணியால் துடைத்து வெளிச்சத்தில் பாருங்கள். புதிய பேரிங் கையால் தள்ளினாலே இறங்குகிறது என்றால் துளை தேய்ந்துவிட்டது. சென்டர் பன்ச் அடித்து முள் எழுப்புவதும் பசை ஊற்றுவதும் ஊரில் நடக்கும் வைத்தியம்தான், ட்ராக் வெப்பத்துக்கு முன் அது நிற்காது. நக்கிளை மாற்றுங்கள்.

ஏபிஎஸ் உள்ள கார்களில் பேரிங்கின் ஒரு பக்கச் சீலில் காந்தப் பட்டை இருக்கும், வெறுமனே கறுப்பு ரப்பர் போலத் தெரியும். அந்தப் பக்கம் சென்சாரை நோக்கி இருக்க வேண்டும். ஒரு பேப்பர் கிளிப்பை அருகில் கொண்டுபோனால் ஒட்டும் பக்கம் எது என்று தெரிந்துவிடும். திருப்பி ஏற்றினால் ஏபிஎஸ் விளக்கு எரியும், மறுபடி கழற்றினால் அந்தப் பேரிங் வீண். டயல் கேஜின் காந்த அடியையும் அந்தப் பட்டையின் அருகே கொண்டுபோகாதீர்கள்.

பேரிங்கை உறையில் சுற்றி ஓர் இரவு ஃப்ரீசரில் வைத்தால் சற்றே சுருங்கி எளிதாக இறங்கும். உறையிலிருந்து எடுத்த உடனே ஏற்றிவிட வேண்டும், ஈரம் படிய விடக் கூடாது. இதில் விதி ஒன்றே: எந்த வளையம் இறுக்கமாக உட்காருகிறதோ அதன் மேல்தான் பிரஸ்ஸின் விசை போக வேண்டும். நக்கிளுக்குள் ஏற்றும்போது வெளிவளையத்தைத் தள்ளுங்கள். ஹப்பை ஏற்றும்போது பேரிங்கின் உள்வளையத்துக்குக் கீழே முட்டுக் கொடுத்துத் தள்ளுங்கள். நக்கிளைத் தாங்கியபடி ஹப்பை அழுத்தினால் பல டன் விசையும் பால்கள் வழியாகப் போய், தடத்தில் நுண்ணிய குழிகள் விழும். அன்றைக்குக் கையால் சுற்றினால் ஒன்றும் தெரியாது. சில நூறு கிலோமீட்டரில் ஊளை ஆரம்பிக்கும், பழி பேரிங் கம்பெனி மேல் விழும்.

சர்கிளிப் காடியில் முழுதும் உட்கார்ந்ததா என்று ஸ்க்ரூடிரைவர் நுனியால் சுற்றிலும் தொட்டுப் பாருங்கள். ஆக்ஸில் நட் எப்போதும் புதிது. டார்க் அளவு காருக்குக் கார் மாறும், உங்கள் மாடலின் ஒர்க்‌ஷாப் மேனுவலில் இருக்கும் எண்ணைத் தவிர வேறெதையும் ஏற்காதீர்கள். பாதி அளவுக்கு இறுக்கி, ஹப்பைப் பல சுற்று சுற்றி, பிறகு முழு அளவுக்கு. இந்த நட்டை வெறும் பூட்டு என்று நினைக்கக் கூடாது. இரண்டு உள்வளையங்களையும் ஒன்றோடொன்று முட்டவைத்து பேரிங்கின் முன்னழுத்தத்தைக் கொண்டுவருவது இதுதான். குறைவாக இறுக்கினால் புதிய பேரிங்கிலேயே ஆட்டம் இருக்கும். இம்பாக்ட் கன்னால் முடித்துவிட்டு மேலே மடக்கிவிடுவது இந்த வேலையில் நடக்கும் மிகக் கெட்ட குறுக்குவழி. இறுதியாக மீண்டும் டயல் கேஜ்: ஆட்டம் பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும், அந்த எண்ணை எழுதி வையுங்கள்.

பிரேக்கைத் திரும்ப மாட்டும்போது

ஸ்லைடு பின்களைக் கழற்றி, பழைய கிரீஸைத் துடைத்து, சிலிக்கான் கிரீஸ் தடவுங்கள். பெட்ரோலிய கிரீஸ் அங்குள்ள ரப்பரை ஊதவைத்துப் பின்னை இறுக்கிவிடும். பேட் 6 மி.மீ.க்குக் கீழே இருந்தால் ட்ராக் நாளுக்கு முன் மாற்றுங்கள். மெல்லிய பேட் வெப்பத்தைத் தடுக்காமல் நேரே பிஸ்டனுக்கும் ஆயிலுக்கும் கடத்துகிறது.

பிரேக் ஆயில் டாட் 4 என்றால் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரியில் கொதிக்கும், நீர் சேர்ந்த பின் அந்த எல்லை 155. டாட் 5.1-க்கு 260, 180. சென்னையின் ஈரக்காற்றில் இந்த இறக்கம் வேகமாக நடக்கும், ஆகவே ட்ராக் சீசனுக்கு ஒரு முறையாவது முழுதும் மாற்றுவது அவசியம். மூடி திறந்த பாட்டிலில் மிச்சமிருப்பதை அடுத்த முறைக்கு வைத்திருக்காதீர்கள். டாட் 5 என்பது சிலிக்கான், 5.1 அல்ல, பெயரைப் பார்த்து மாற்றி ஊற்றிவிட வேண்டாம்.

சக்கரத்தில் கவனிக்க வேண்டியது: வெளிச்சந்தை அலாய் வீல்களில் மைய வளையம் பெரும்பாலும் பிளாஸ்டிக். ட்ராக் வெப்பத்தில் அது உருகி ஃபிளாஞ்சில் ஒட்டிக்கொள்ளும், அடுத்த முறை சக்கரம் நேராக உட்காராது. அலுமினிய வளையம் போடுங்கள். நட்டின் முனை கூம்பா உருண்டையா என்பது வீலின் குழியோடு பொருந்த வேண்டும். வீல் நட்டை டார்க் ரெஞ்சில், நட்சத்திர வரிசையில், இரண்டு கட்டமாக இறுக்குங்கள். முதல் செஷனுக்குப் பின் சக்கரம் ஆறியதும் டார்க்கைச் சரிபாருங்கள், சூட்டோடு சூடாக இறுக்க வேண்டாம். இம்பாக்ட் கன்னிலேயே காலம் தள்ளிய ஸ்டட்கள் நீண்டிருக்கும். நட் சில மரைகளில் மட்டும் கனமாகச் சுற்றினால் ஸ்டட்டை மாற்றுங்கள்.

வெப்பத்தைக் குறைக்கப் பணம் செலவழிப்பதாக இருந்தால் முதலில் காற்றுக் குழாய். 75 மி.மீ. விட்டமுள்ள ஹோஸை முன் பம்பரிலிருந்து கொண்டுவந்து, டிஸ்க்கின் முகத்தை நோக்கி அல்ல, அதன் மையத்துக் கண்ணை நோக்கித் திருப்புங்கள். காற்று உள்ளேயிருந்து வென்ட் வழியாக வெளியேறும், வழியில் ஹப்பையும் நக்கிளையும் குளிரவைக்கும். டிஸ்க்கின் ஒரு முகத்தில் மட்டும் காற்று அடித்தால் இரு முகத்துக்கும் வெப்ப வித்தியாசம் வந்து விரிசல் விழும். டஸ்ட் ஷீல்டை மொத்தமாகக் கழற்றுவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. பால் ஜாயின்ட் பூட்டும் சென்சார் வயரும் டிஸ்க்கின் நேர்ச்சூட்டில் வெந்துவிடும். குழாய் நுழையும் அளவுக்கு வெட்டினால் போதும். நக்கிளில் வெப்பநிலைப் பட்டை ஒட்டுங்கள், எட்டிய உச்ச வெப்பத்தில் நிறம் மாறி அப்படியே நிற்கும் வகை. ஹப் அருகே 120-ஐத் தாண்டிய கட்டம் கறுத்திருந்தால் செஷனின் நீளத்தைக் குறைக்க வேண்டும், அல்லது குழாய் வேலை செய்யவில்லை.

புதிய பேரிங்கோடு முதல் செஷனில் ஐந்தாறு சுற்றுகள் மிதமாக ஓட்டி உள்ளே கொண்டுவந்து, ஆறவிட்டு, ஆட்டத்தை அளங்கள். ஒவ்வொரு செஷனின் கடைசிச் சுற்றையும் பிரேக்கை ஏறத்தாழ தொடாமல் ஓட்டுங்கள். நிறுத்தியதும் ஹேண்ட் பிரேக் போடாமல் கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள்.

தொடர்ந்து ட்ராக்குக்குப் போகிறவர்கள் இடது முன்பக்கத்துக்கு ஒரு முழு நக்கிளை பேரிங், ஹப், ஸ்டட் எல்லாம் ஏற்றித் தயாராக எடுத்துச் செல்லலாம். ட்ராக்கில் கார்கள் நின்று தயாராகும் பேடாக்கில் 20 டன் பிரஸ் கிடைக்காது, ஆனால் முழு நக்கிளை மாற்ற ஸ்பேனர்களும் டார்க் ரெஞ்சும் போதும். கூடவே புதிய ஆக்ஸில் நட் இரண்டு, பால் ஜாயின்ட் போல்ட் ஒன்று, ஒரு பாட்டில் சீல் உடைக்காத பிரேக் ஆயில். மாற்றிய பிறகு டோவை (முன்சக்கரங்கள் உள்ளோ வெளியோ திரும்பியிருக்கும் அளவை) நூல் கட்டியாவது சரிபார்த்துவிட்டுத்தான் ட்ராக்குக்குள் போக வேண்டும்.